மைக்கை மூடிவிட்டு இங்கிலீஷா?



சித்திரை விடுமுறையில் சம்பூருக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், மூதூர் கிழக்கில் இருக்கிற ஊர். 1983 கலவரத்தில் எங்கள் லயத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன சின்னம்மா குடும்பம் அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. சின்னம்மாவின் மகளைச் சம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கடல் தொழில். மூத்த பெண்பிள்ளை ஒன்பதாம் தரம் படிக்கிறாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவளுக்கு ஒன்லைனில் இங்கிலீஷ் வகுப்பு. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு, தகப்பனுடைய போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒரு மிஸ் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தெளிவாகத்தான் சொன்னார். வகுப்பில் தொண்ணூற்றாறு பிள்ளைகள். அந்த ஒரு மணித்தியாலத்தில் என் மருமகள் தொடங்கும்போது 'பிரசன்ட் மிஸ்' என்று எழுதி அனுப்பினாள், முடியும்போது 'தேங்க்யூ மிஸ்' என்று எழுதி அனுப்பினாள். வேறொன்றும் செய்யவில்லை.

"எங்கே, மாமாவோட ரெண்டு வசனம் இங்கிலீஷில பேசு பார்ப்பம்" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"வகுப்பில பேசுவியா?"

"இல்ல மாமா. மைக்கைத் திறந்தா மிஸ் ஏசுவாங்க. எல்லாரும் திறந்தா ஒரே சத்தமாயிரும்தானே."

மாதம் 1,800 ரூபா கட்டணம். டேட்டா கார்ட் வேறு. எட்டு மாதமாகப் படிக்கிறாளாம். எட்டு மாதமும் வாயைத் திறக்காமல் ஒரு மொழி!

இதை ஊர்க்கதையாக எழுதவில்லை. சென்ற வருடம் நம்முடைய தோட்டக் கமிட்டியோடு ஒரு கல்வி அலுவலகத்துக்கு, எங்கள் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று மனு கொடுக்கப் போனோம். மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி சிரித்தபடி கேட்டார்: "இப்ப எல்லாம் ஒன்லைன்ல இருக்கே, நீங்க இன்னும் டீச்சர் டீச்சர் என்று நிக்கிறீங்களே?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. சம்பூர் வேப்பமரத்தடியில்தான் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சம்பூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் அந்த மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பிறகு ஊரே உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அனல் மின்நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்றார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் ஒன்பது, பத்து வருடம் போனது. சம்பூர் மகா வித்தியாலயம் கடற்படை முகாமுக்குள் கிடந்தது. 2015இல் 818 ஏக்கரை விட்டார்கள்; 2016 மார்ச்சில்தான் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தது. என் மருமகள் கிளிவெட்டி முகாமில் பிறந்தவள். 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அன்றைய அரசாங்கம் பிரகடனம் செய்தது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு சம்பூர்ப் பிள்ளைகள் முகாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றார்கள். நம்முடைய பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டில் பிரகடனம் மட்டுமே கிடைத்தது.

நான் போவதற்குச் சில நாள் முன்புதான், 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின்நிலைய வேலையைத் திரையூடாகத் தொடக்கி வைத்தார்கள். 120 மெகாவோட். அனல் நிலையம் கைவிடப்பட்டதற்கு இது எவ்வளவோ மேல், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கவனியுங்கள். திரையில் தொடக்கி வைத்தாலும் கம்பியும் தகடும் லொறியில் ஏறித்தான் சம்பூருக்குப் போக வேண்டும், வேலையாள் வெயிலில் நின்றுதான் பூட்ட வேண்டும். அது எல்லோருக்கும் தெரிகிறது. பிள்ளையின் படிப்பு என்று வரும்போது மட்டும் திரையே போதும் என்கிறார்கள்.

ஒரு மொழி எப்படி வருகிறது? நம் தோட்டத்து முதியவர்களைப் பாருங்கள். ஒரு நாள்கூடச் சிங்களப் பள்ளிக்கூடம் போகாதவர்கள் கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசுகிறார்கள். பிழையாகப் பேசினார்கள், எதிரில் நின்றவர் சிரித்தார், திருத்தினார், மறுநாள் சரியாக வந்தது. பேசுவதற்கு ஆள் வேண்டும், பிழை விடுவதற்கு இடம் வேண்டும். தொண்ணூற்றாறு பேரை மூடி வைத்துவிட்டு ஒருவர் பேசும் வகுப்பில் இரண்டும் இல்லை. கணக்கோ வரலாறோ என்றால் ஒருவர் சொல்லக் கேட்டுக் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தை அப்படிப் பிடிக்க முடியாது.

பணக்கார நாடுகளில் ஒன்லைன் ஆங்கிலம் எப்படி விற்றார்கள் தெரியுமா? சீனாவில் விஐபிகிட் என்றொரு கம்பனி, 2013இல் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சீனப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை, 25 நிமிடம். காசு உள்ள வீட்டுக்கு ஒன்லைன் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். நம் வீட்டுக்கு ஒன்லைன் என்றால் நூறு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். 2021 ஜூலையில் சீன அரசாங்கமே தலையிட்டு, பாடசாலைப் பாடங்களில் இலாபத்துக்கு நடத்தும் டியூசனை நெருக்கி, வெளிநாட்டில் இருந்துகொண்டு படிப்பிப்பதையும் தடுத்தது. பெற்றோரின் சுமையைக் குறைக்க என்றார்கள். சுமை என்ற அந்தச் சொல்லை நம் அதிகாரிகள் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்க்கட்டும்.

நம்முடைய சுமை என்ன? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அந்தச் சம்பளக்காரரிடம்தான் ஸ்மார்ட் போன் வாங்கு, டேட்டா போடு என்றார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளை, ஒரே போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மலை உச்சிக்கும் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கும் ஏறிச் சிக்னல் தேடிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே மலையேறிப் பாடம் இறக்கிய கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் கூடிப்போனால் 40 சதவீதத்தினருக்குத்தான் ஒன்லைன் வகுப்பு எட்டுகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது. 2021 மார்ச்சில் 1,000 ரூபா வர்த்தமானிக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350. இடையில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது, டேட்டா கார்ட் விலையும் ஏறியது. என் மருமகளின் 1,800 ரூபா வகுப்பை அந்த 1,350 ரூபாக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: ஒரு நாள் முழுப்பேர், அதற்கு மேல் மறுநாளில் மூன்றில் ஒரு பங்கு. கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்ட நாள் என்றால் இரண்டு நாளும் போதாது. அதுவும் ஒரு பிள்ளைக்கு.

2021இல் நடந்த இன்னொன்றையும் தொழிற்சங்கக்காரர்கள் மறக்கக்கூடாது. ஜூலை 8ஆம் திகதி ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் கைது செய்து, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 12ஆம் திகதி முதல் ஆசிரியர்களும் அதிபர்களும் ஒன்லைன் படிப்பித்தலை நிறுத்தினார்கள். 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாட்டைத் தீர் என்று மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள். அதுவரை சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் படிப்பித்தவர்கள் அவர்கள். அந்த மூன்று மாதமும் திரை இருந்தது, சிக்னல் இருந்தது, பாடம் மட்டும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதை அன்றைக்கு நாடே கண்டது. "ஒன்லைன் இருக்கே, டீச்சர் எதற்கு" என்று கேட்ட அந்த அதிகாரி அப்போது எங்கே இருந்தாரோ தெரியாது.

நமக்கு ஆசிரியர் தரும் விதமும் பழைய கதை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் துரையிடம் கொடுத்தது. ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், தாய்மொழியில் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் காசு கட்டியவன் பிள்ளைக்கு. ஊர்ப் பிள்ளைக்குச் சிங்களமும் தமிழும் சும்மா. இந்த வேலியைத்தான் 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி உடைத்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்க 1970கள் வரை காத்திருந்தோம். 2015ஐ ஒட்டிய காலத்தில் மூவாயிரம் அளவிலான வெற்றிடங்களுக்கு நம் பிள்ளைகளையே ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். கொடுப்பனவு மாதம் 6,000 ரூபா, கத்திக் கத்திப் பிறகு 10,000. இன்றைக்கு, ஆங்கிலம் வேண்டுமா, காசு கட்டி ஒன்லைனுக்குப் போ என்றால், 1945க்கு முந்திய வேலியைத்தானே போன் வழியாக மறுபடி கட்டுகிறார்கள்?

"நமக்கு ஏன் இந்த இங்கிலீஷ் மோகம், தமிழே ஒழுங்காக வரவில்லை" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கிறார்கள். மோகம் வேறு, தேவை வேறு. 1,000 ரூபாவுக்கு எதிராகக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனபோது, நம்முடைய நாட்சம்பளத்தைப் பற்றிய வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. அந்தக் கட்டைப் படிக்க நாம் சட்டத்தரணியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருத்துவம், பொறியியல் என்று பல்கலைக்கழகம் போகிற நம் பிள்ளை முதல் வருடம் விரிவுரை புரியாமல் விடுதியில் அழுகிறது. தோட்டத்துப் பிள்ளையான சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதித்தான் நம் வாழ்க்கையை வெளி உலகத்துக்குக் காட்டினார். துரையின் மொழி என்று அவர் அதைத் துரையிடமே விட்டுவிடவில்லை.

ஒன்லைனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உருகுவே என்ற சின்ன நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில ஆசிரியர் போதவில்லை. 2012 முதல் அவர்கள் செய்தது இது: வகுப்பறைச் சுவரில் பெரிய திரை. வாரத்தில் ஒரு பாடம் வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கும் ஆங்கில ஆசிரியர் திரையில் நின்று நடத்துவார். வகுப்பு ஆசிரியரும் அதே அறையில் நிற்பார். மற்ற இரண்டு பாடங்களை அவரே நடத்தி, பிள்ளைகளைப் பேசவைப்பார். செலவு அரசாங்கத்தினுடையது. தாய் தகப்பன் ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை, போனும் வேண்டியதில்லை. திரை பள்ளிக்கூடத்துக்கு வந்தது, ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு வரவில்லை. சம்பூர் மகா வித்தியாலயத்திலும் நம் தோட்டப் பாடசாலையிலும் இதைச் செய்ய என்ன தடை? சூரிய மின்சாரம் எடுக்கும் ஊரில் ஒரு வகுப்பறைக்கு இணைய இணைப்புக் கொடுக்க முடியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது: ஆங்கில ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பு, உதவியாளர் என்று பேர் வைத்து அரைச் சம்பளம் கொடுக்காதே. ஒன்லைன் பாடம் வைப்பதென்றால் பாடசாலை நேரத்தில், பாடசாலைக்குள், உன் செலவில் வை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச முறை வருகிற அளவுக்குச் சின்னக் குழுவாக வை. கம்பனிகளிடமும் கேட்போம். தோட்டத்துக் கலாசார மண்டபம் தேர்தல் கூட்டத்துக்கும் சாவீட்டுக் கதிரைக்கும் மட்டும் திறக்கிறது. பின்னேரத்தில் அதைத் திறந்து இணைய இணைப்புக் கொடுத்தால், தோட்டத்தில் ஏ.எல். முடித்து வீட்டில் இருக்கும் அக்காமார் நாலு பேர் சின்னதுகளை உட்கார்த்திப் பேச்சுப் பழக்குவார்கள். பிழையாகப் பேசட்டும், பரவாயில்லை.

தோட்டத் தலைவர், தலைவிமார் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வரவேண்டாம். உங்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் உண்டா, எத்தனை மாதமாக இல்லை, ஆங்கிலப் பாட நேரத்தில் யார் வகுப்பில் நிற்கிறார், எத்தனை வீட்டுப் பிள்ளைகள் காசு கட்டி ஒன்லைன் வகுப்புக்குப் போகிறார்கள், மாதம் எவ்வளவு, அந்த வகுப்பில் பிள்ளை வாய் திறந்து பேசியதுண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு அதே அதிகாரியிடம் மறுபடியும் போகப் போகிறோம். சம்பூர்ப் பக்கத்துக் கணக்கை, கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா பிள்ளைகளிடமும் விசாரித்து எழுதி அனுப்புவதாக என் மருமகள் சொல்லியிருக்கிறாள்.