போருக்கு நடுவே வந்த மடோனா ஆல்பம்: 20 ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் தீர்ப்பை மாற்றுவது ஏன்?

வெளியான முதல் வாரமே அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம். பிரிட்டனிலும் முதலிடம். ஒரு ஆல்பத்துக்கு இப்படி ஒரு தொடக்கம் கிடைத்தால் அதை ஹிட் என்றுதான் சொல்வோம். ஆனால் 2003 ஏப்ரலில் வந்த மடோனாவின் ‘அமெரிக்கன் லைஃப்’ ஆல்பத்தைச் சில வாரங்களிலேயே தோல்விக் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவரது தீவிர ரசிகர்களிலேயே பலர் ரொம்ப நாள் அதைத் தொடவில்லை.

இன்று நிலைமை வேறு. மடோனாவின் ஆல்பங்களை வரிசைப்படுத்தும்போது, ‘அநியாயமாக ஒதுக்கப்பட்டது’ என்று ரசிகர்கள் முதலில் கை காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். 2003இல் வெளிவராமல் நிறுத்தப்பட்ட இதன் மியூசிக் வீடியோ, 20ஆம் ஆண்டையொட்டி 2023இல் இயக்குநரின் பதிப்பாக யூடியூபில் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘செலிப்ரேஷன்’ உலகச் சுற்றுப்பயணத்தில், ஹிட் பாடல்களுக்கு நடுவே இந்த ஆல்பத்தின் ‘மதர் அண்ட் ஃபாதர்’ பாடலுக்கும் மடோனா இடம் கொடுத்தார்.

ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. அப்போ மாறியது என்ன?

முதலிடம் பிடித்தும் தோல்வியா?

முதலில் எண்களைப் பார்ப்போம். மடோனாவின் முந்தைய ஆல்பமான ‘மியூசிக்’ (2000), அமெரிக்காவில் முதல் வாரத்தில் சுமார் 4,20,000 பிரதிகள் விற்றது. ‘அமெரிக்கன் லைஃப்’ விற்றதோ சுமார் 2,41,000. முதலிடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மடோனாவின் கணக்குக்கு அது பெரிய சறுக்கல்.

அடுத்த அடி தனிப்பாடல்களில் விழுந்தது. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய முதல் பாடல், பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 37ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அடுத்து வந்த ‘ஹாலிவுட்’ அந்தப் பட்டியலுக்குள் நுழையவே இல்லை. 1983 முதல் தொடர்ந்து ஹிட் கொடுத்து வந்தவருக்கு இது புது அனுபவம். இத்தனைக்கும் அதே ‘ஹாலிவுட்’ பாடலின் ரீமிக்ஸ்கள் கிளப்களில் சக்கைப்போடு போட்டன. பில்போர்டின் டான்ஸ் கிளப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய ஹாட் 100 பட்டியலில் ஒரு பாட்டின் தலையெழுத்தைப் பெரும்பாலும் ரேடியோ நிலையங்கள்தான் எழுதின. டான்ஸ் கிளப்பில் டிஜே போடுகிறார், கூட்டம் ஆடுகிறது. ரேடியோ போடவில்லை என்றால் ஹாட் 100இல் அந்தப் பாட்டு இல்லாத மாதிரிதான்.

அந்த வீடியோவில் என்ன இருந்தது?

ஸ்வீடன் இயக்குநர் ஜோனஸ் ஆகர்லண்ட் எடுத்த அந்த வீடியோவில் ஒரு ஃபேஷன் ஷோ நடக்கிறது. மாடல்கள் ராணுவ உடையில் மேடையில் நடக்கிறார்கள். பார்வையாளர்கள் ரசித்துக் கைதட்டுகிறார்கள். மேடைக்குப் பின்னால் போர்க் காட்சிகள் ஓடுகின்றன. ஒரு கட்டத்தில் மடோனாவும் அவரது பெண்கள் படையும் சின்னக் கார் ஒன்றில் மேடைக்குள் புகுந்து கலாட்டா செய்கிறார்கள். கடைசியில் மடோனா ஒரு கையெறி குண்டை வீசுகிறார். அதைப் பிடிப்பவர் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் சாயலில் இருக்கும் ஒருவர். குண்டு வெடிப்பதில்லை. அது ஒரு லைட்டர். அவர் நிதானமாகச் சுருட்டைப் பற்றவைக்கிறார்.

படப்பிடிப்பு நடந்தது 2003 பிப்ரவரியில். மார்ச் 20 அன்று அமெரிக்கா தலைமையிலான படைகள் இராக்கில் நுழைந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் வீடியோவை வெளியிடப் போவதில்லை என்று மடோனா அறிவித்தார். போர் தொடங்கும் முன்பே எடுத்தது, களத்தில் இருக்கும் வீரர்களை மதித்து நிறுத்துகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதிலாக வந்தது, பல நாட்டுக் கொடிகளுக்கு முன்னால் நின்று அவர் பாடும் ஒரு சாதாரண வீடியோ.

பாடகர்கள் பயந்த மாதம்

மடோனா பின்வாங்கியதைப் புரிந்துகொள்ள அந்த மாத அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். போர் தொடங்கிய நேரத்துக் கருத்துக்கணிப்புகளில், சுமார் பத்தில் ஏழு அமெரிக்கர்கள் போரை ஆதரித்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் காயம் அப்போது ஆறவே இல்லை.

மார்ச் 10 அன்று லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி நேட்டலி மெய்ன்ஸ், புஷ் தங்கள் மாநிலமான டெக்சஸைச் சேர்ந்தவர் என்பதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். சொன்னது ஒரே ஒரு வாக்கியம். விளைவு? அமெரிக்காவின் பல கன்ட்ரி இசை ரேடியோக்கள் அவர்களது பாடல்களை நிறுத்தின. பொது இடங்களில் அவர்களது சிடிக்களைக் குவித்து நொறுக்கினார்கள். அப்போது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவர்களது பாட்டு மளமளவென்று சரிந்தது.

இது நடந்து மூன்றே வாரத்தில்தான் மடோனாவின் வீடியோ வர வேண்டியிருந்தது. சர்ச்சைக்கு அஞ்சாதவர் என்று பெயரெடுத்த பாடகியே பின்வாங்கினார் என்பது, அந்த நேரத்துப் பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு அளவுகோல்.

ஆனால் இந்தப் பின்வாங்கல் அவரை இரண்டு பக்கமும் இடித்தது. போரை ஆதரித்தவர்களுக்கு அவர் தேசப்பற்று இல்லாதவர். எதிர்த்தவர்களுக்கோ, பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டவர். சே குவேரா படத்தை நினைவூட்டும் ஆல்பத்தின் அட்டை மட்டும் கடைகளில் தொங்கியது. புரட்சி அட்டைக்கு மட்டும்தானா என்ற கேலிக்கு அதுவே வழிவிட்டது.

போர் மட்டும்தான் காரணமா?

இல்லை. ‘போர்தான் இந்த ஆல்பத்தைக் கொன்றது’ என்று சில ரசிகர்கள் சொல்வது பாதிக் கதைதான்.

முதல் காரணம், முதல் பாட்டுத் தேர்வு. ‘அமெரிக்கன் லைஃப்’ பாடலின் கடைசிப் பகுதியில் மடோனா ராப் செய்கிறார். குடிக்கும் காபி, ஓட்டும் கார், உடற்பயிற்சி வகுப்பு, தன்னிடம் வேலை பார்க்கும் ஆட்களின் பட்டியல் என்று தன் பணக்கார வாழ்க்கையை அடுக்கி, இத்தனை இருந்தும் திருப்தி இல்லையே என்று கேட்கிறார். தன்னையே கிண்டல் செய்வதுதான் நோக்கம். ஆனால் கேட்டவர்களில் பலருக்கு அது வசதியானவரின் அலுப்பாகத்தான் தெரிந்தது. விமர்சகர்கள் செமையாகக் கலாய்த்தார்கள். வீடியோ வந்திருந்தால் அந்தக் கிண்டல் யாரை நோக்கியது என்று விளங்கியிருக்கலாம். அதுவும் இல்லாமல் பாட்டு தனியாக மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, வயது. அப்போது மடோனாவுக்கு 44. பாப் ரேடியோவில் 40ஐத் தாண்டிய பெண் குரலுக்கு இடம் கிடைப்பது அன்று அரிது. போர் இல்லாவிட்டாலும் அந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது, இணையம். ஆல்பம் வெளியாகும் முன்பே பாடல்கள் திருட்டுத்தனமாகப் பரவும் என்று பயந்து, போலிக் கோப்புகளை இணையத்தில் உலவ விட்டார்கள். டவுன்லோட் செய்தால் பாட்டு வராது. ‘என்ன செய்துகொண்டிருக்கிறாய்’ என்று மடோனா கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டும் குரல்தான் வரும். பதிலடியாக யாரோ அவரது இணையதளத்தையே ஹேக் செய்து, ஒரிஜினல் பாடல்களை அங்கேயே இலவசமாக வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆல்பம் வந்தது ஏப்ரல் 22. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை திறந்தது ஏப்ரல் 28. அதாவது, பாடல்களைத் தனித்தனியாக எளிதில் காசு கொடுத்து வாங்கும் வழி பிறந்த வாரத்தில், இந்த ஆல்பம் தன் கேட்பாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அந்த ராப்பைத் தாண்டினால் என்ன இருக்கிறது?

மறுமதிப்பீட்டின் மையமே இதுதான். முதல் பாட்டோடு நின்றவர்கள் ஆல்பத்தின் நடுப்பகுதிக்குப் போகவே இல்லை.

11 பாடல்கள். மடோனாவோடு சேர்ந்து தயாரித்தவர் பாரிஸைச் சேர்ந்த மிர்வைஸ் அஹ்மத்ஸாய். இவரது தந்தை ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவர். ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்து, அதன் ஒலியைக் கணினியில் வெட்டி ஒட்டி, கீழே எலக்ட்ரானிக் தாளத்தை ஓடவிடுவது இவர் பாணி. மடோனாவின் குரலையும் பல இடங்களில் இயந்திரக் குரல் போலத் திரித்திருப்பார். 2003இல் பலருக்கு இது முரட்டுத்தனமாகவும் வறட்சியாகவும் பட்டது. வெட்டிய கிட்டாரும் திரித்த குரலும் இன்றைய பாப் பாடல்களில் சர்வசாதாரணம். அந்த ஒலிக்குப் பழகிய காதுகளோடு இன்று கேட்பவருக்கு, இந்த ஆல்பம் அந்நியமாகத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயம், அரசியல் ஆல்பம் என்ற முத்திரை. உண்மையில் முதல் சில பாடல்களைத் தாண்டியதும் இது ரொம்பவே அந்தரங்கமான ஆல்பம். ‘நத்திங் ஃபெயில்ஸ்’ அமைதியாகத் தொடங்கி, தேவாலயப் பாடகர் குழுவின் குரல்களோடு எழும் காதல் பாட்டு. ‘எக்ஸ்-ஸ்டாட்டிக் பிராசஸ்’ கிட்டத்தட்ட ஒரு கிட்டாரும் குரலும் மட்டும். ‘மதர் அண்ட் ஃபாதர்’, ஐந்து வயதில் தாயைப் பறிகொடுத்த மடோனாவின் சொந்தக் கதை. புகழும் பணமும் சேர்த்தபின் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை முதல் பாட்டு கேலியாகக் கேட்கிறது. பின்பாதி அதே கேள்வியை நிஜமாகக் கேட்கிறது. வரிசையாகக் கேட்டால்தான் இந்தத் தொடர்ச்சி பிடிபடும்.

அப்போ மாறியது என்ன?

முதலில், போரைப் பற்றிய கருத்து. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லித்தான் போர் தொடங்கியது. தேடியவர்களுக்கு அப்படி ஒரு கிடங்கும் கிடைக்கவில்லை. 2004இல் அபு கிரைப் சிறைக் கொடுமைகளின் படங்கள் வெளிவந்தன. அதற்கடுத்த மாதம் தொடங்கிய ‘ரீ-இன்வென்ஷன்’ சுற்றுப்பயணத்தில், போர்க் காட்சிகள் பின்னால் ஓட, ராணுவ உடையில் நடனக் கலைஞர்கள் சூழ, மடோனா இதே பாடலை மேடையேற்றினார். அந்த ஆண்டில் உலகிலேயே அதிகம் வசூலித்த சுற்றுப்பயணம் அதுதான், சுமார் 12.5 கோடி டாலர். ஒரு வருடம் முன்பு சொல்ல முடியாததை அப்போது டிக்கெட் போட்டுச் சொல்ல முடிந்தது.

அடுத்தது, கேட்கும் முறை. ஸ்ட்ரீமிங்கில் 1983 ஆல்பமும் 2003 ஆல்பமும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது ஹிட், எது ஃபிளாப் என்று அங்கே எழுதி ஒட்டவில்லை. 2003இல் பிறக்காத ஒருவர் இதைக் கேட்கும்போது, அன்றைய கேலி அவர் காதில் விழுவதில்லை.

மூன்றாவது, அந்த வீடியோவின் கருத்தே இன்று வேறு மாதிரி புரிகிறது. போரும் பொழுதுபோக்கும் ஒரே மேடையில், பார்வையாளர்கள் இரண்டையும் ஒரே முகத்தோடு ரசிக்கிறார்கள் என்பது அன்று மிகையாகத் தெரிந்தது. இன்று செல்போனைத் தள்ளிக்கொண்டே போனால், ஒரு டான்ஸ் ரீலுக்கும் ஒரு சமையல் வீடியோவுக்கும் நடுவே குண்டு விழுந்த ஒரு தெரு வந்து போகிறது. நாமும் நிற்காமல் தள்ளிவிடுகிறோம். அந்த ஃபேஷன் ஷோவின் பார்வையாளர் வரிசையில் இப்போது நமக்கும் ஒரு இருக்கை இருக்கிறது.

மற்றவர்களுக்கும் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மரையா கேரியின் ‘கிளிட்டர்’ 2001 செப்டம்பர் 11 அன்றே வெளியாகி அமுங்கிப்போனது. 2018 நவம்பரில் ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டுக் கிளம்ப, 17 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. லேடி காகாவின் ‘ஆர்ட்பாப்’ (2013) ஆல்பத்துக்கும் 2021இல் இதேபோல ஒரு இயக்கம் நடந்தது.

இரண்டையும் ரசிகர்கள் திட்டமிட்டு மேலே ஏற்றினார்கள். ‘அமெரிக்கன் லைஃப்’ ஆல்பத்துக்கு அப்படி ஒரு ஒரே நாள் திருவிழா நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆள் ஆளாகக் கேட்டு மாறிய கருத்து இது.

ரசிகர்கள் சொல்வது முழுக்கச் சரியா?

பாதி சரி. அந்த ராப் இன்றும் தடுக்கத்தான் செய்கிறது. 20 ஆண்டு கழிந்தது என்பதற்காக அது நல்ல ராப் ஆகிவிடாது. பெரும் பணக்காரர் ஒருவர் பணத்தின் வெறுமையைப் பற்றிப் பாடும்போது வரும் சங்கடமும் அப்படியே இருக்கிறது.

அதைவிட முக்கியமானது ‘துணிச்சல்’ என்ற வார்த்தை. இந்த ஆல்பத்தைப் பாராட்டும் பலர் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீடியோ தேவைப்பட்ட மாதத்தில் வெளியே வரவில்லை. அது வந்தபோது புஷ் ஆட்சியை விட்டுப் போய் 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் சிடியை நொறுக்கப் போவதில்லை. ஒரு வாக்கியத்துக்காக ரேடியோவை இழந்த டிக்ஸி சிக்ஸ், 2007இல் ஐந்து கிராமி விருதுகளோடு திரும்பினார்கள். துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற கணக்கில் மடோனாவின் பெயரை அவர்களுக்குப் பிறகுதான் எழுத வேண்டும்.

பாடல்களின் கணக்கு வேறு. ஆல்பம் வந்த மாதத்தில் கொடுத்த தீர்ப்பில் போரும் ரேடியோவும் வயதும் ஒரு மோசமான ராப்பும் கலந்திருந்தன. அவற்றைக் கழித்துவிட்டுக் கேட்டால் மிஞ்சுவது, 44 வயதில் ‘இவ்வளவு ஓடி என்ன சேர்த்தேன்’ என்று உட்கார்ந்து யோசித்த ஒரு பெண்ணின் அரை டஜன் நல்ல பாடல்கள். முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெயர்ப் பாட்டை விட்டுவிட்டு, ‘நத்திங் ஃபெயில்ஸ்’ பாடலில் தொடங்குங்கள்.