படபடப்பு: நோயா, பயமா?

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் நாக்பூரில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு அபூர்வம். டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூ, பெயர் தெரியாத 'வைரல்' என்று ஏதாவது ஒன்று வந்து ஒரு வாரம் படுக்கையில் தள்ளிவிட்டுப் போகிறது. காய்ச்சல் போன பிறகும் சிலருக்கு ஒரு தொந்தரவு மிச்சமிருக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்த துடிப்பில் 'தொம்' என்று இடிக்கிறது. அதற்குப் பிறகு தூக்கம் எங்கே வரும்?

இப்படிச் சொல்பவர்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் மூன்று: வாய்வு, பலவீனம், பயம். வாய்வு என்றால் ஜெலுசில், பலவீனம் என்றால் ஹார்லிக்ஸ், பயம் என்றால் "மனசை வேறு பக்கம் திருப்புங்கோ மாமா" என்ற புத்திமதி. இந்த மூன்றில் எதையும், குறிப்பாக 'பயம்' என்பதை, பரிசோதனைக்கு முன்னால் சொல்லக் கூடாது என்பதும், பரிசோதனைக்குப் பின்னால் அந்தப் பயத்தையும் ஒரு நோயாக மதித்துக் கவனிக்க வேண்டும் என்பதும் என் தாழ்மையான கருத்து.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் காலம் தள்ளியவன். ஆனால் வந்து வந்து போகும் கோளாறு எத்தனை பொல்லாதது என்பது எங்கள் பிரிவினருக்கு நன்றாகத் தெரியும். நள்ளிரவில் ஒரு சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடும். ஜீப்பில் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பதிவேட்டில் 'சோதித்தபோது சரியாக இருந்தது' என்று எழுதிவிட்டு வரலாம். ஆனால் அந்த வாசகம் கோளாறு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நாம் போன நேரத்தில் அது இல்லை என்பதற்கு மட்டுமே சான்று.

இதயத்தின் கதையும் இப்படித்தான். வழக்கமாக எடுக்கும் ஈ.சி.ஜி. என்பது சுமார் 10 விநாடிப் பதிவு. இதயமோ ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பத்து விநாடிக்குள் தப்பிய துடிப்பு அகப்படவில்லை என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இதற்காகத்தான் ஹோல்டர் என்ற கருவி இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்டர் உருவாக்கியது. நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு சிறு பெட்டியுடன் 24 மணி நேரம் நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடந்ததையெல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ரிலே அறைகளில் டேட்டா லாகர் வந்த பிறகு, யாரும் கண்ணால் பார்த்திராத பல கோளாறுகள் தேதி, நேரத்தோடு வெளிப்பட்டன. அதே தத்துவம்தான் இது.

சரி, காய்ச்சலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வையால் உடலில் நீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும் குறைந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். ஜலதோஷ மாத்திரைகள் சிலவற்றில் உள்ள ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் படபடப்பைத் தரலாம். மருத்துவரைக் கேட்காமலே மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் அஸித்ரோமைசின் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியது. வைரஸை அது ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். டெங்கு தேறி வரும் நாட்களில் சிலருக்கு நாடி மெதுவாகி, பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, அதனால் வாரக்கணக்கில் படபடப்பு நீடிப்பதும் உண்டு.

மிகச் சிலருக்கு மட்டும் வைரஸால் இதயத் தசையிலேயே அழற்சி ஏற்படுகிறது. காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்களால் இப்படி நேர்வது வெகு காலமாகவே தெரிந்த விஷயம். 2020க்குப் பிறகு கொரோனாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. பெரும்பாலோர் இதிலிருந்து குணமடைகிறார்கள். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டுக் கடும் உடற்பயிற்சியில் இறங்கினால் ஆபத்து. அதனால்தான் இந்த அழற்சி கண்டவர்களை வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் வரை ஓட்டம், விளையாட்டு வேண்டாம் என்கிறார்கள். காய்ச்சலோடு கிரிக்கெட் ஆடப் போகும் பேரப்பிள்ளைகளைத் தடுத்து நிறுத்த இது ஒன்றே போதிய காரணம்.

நம் வயதினருக்கு வேறொன்று முக்கியம். இதயத்தின் மேலறைகள் தாளம் கெட்டு நடுங்குவதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நாடி பிடித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், எந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடிக்கும். காய்ச்சலோ நிமோனியாவோ இதைக் கிளப்பிவிடலாம். இது உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்து அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்க முடியும். ஆனால் 'பயம்' என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால், அந்த வாய்ப்பே கைநழுவிப் போகிறது.

எங்கள் குடியிருப்பில் இதை நேரில் பார்த்தேன். மகன் வெளிநாட்டில், கணவர் காலமாகிவிட்டார், அம்மாள் தனியாக இருக்கிறார். சிக்குன்குனியா வந்து தேறிய மூன்றாம் வாரம் பக்கத்து கிளினிக்குக்குப் போய், தமக்குத் தெரிந்த இந்தியில் "கப்ராஹட் ஹோ ரஹீ ஹை" என்றிருக்கிறார். மருத்துவர் நாடியைத் தொட்டுப் பார்க்காமலே மனம் அமைதியடைய ஒரு மாத்திரையை எழுதித் தந்துவிட்டார். பத்து நாள் கழித்து வேறு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தபோதுதான் மேலறை நடுக்கம் என்று தெரிந்தது. நல்ல வேளையாக அதற்குள் விபரீதம் ஒன்றும் நேரவில்லை.

இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மொழியும் ஒரு காரணம். இந்தியில் 'கப்ராஹட்' என்றால் படபடப்பும் ஆகும், மனக்கலக்கமும் ஆகும். நம் தமிழில் 'படபடப்பு' என்ற சொல்லும் அப்படியே இரண்டுக்கும் பொது. "அவர் படபடப்பாகப் பேசினார்" என்கிறோம், "நெஞ்சு படபடக்கிறது" என்றும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் மருத்துவர் மறு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வார். இங்கே நமக்கு மறு கேள்விக்குப் பதில் சொல்ல இந்தி போதாது. ஆகவே, சொல்லும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். இதயத் துடிப்புக்கு இந்தியில் 'தட்கன்' என்று தனிச் சொல் இருக்கிறது. துடிப்பு வேகமாக இருக்கிறதா, நடுவில் நிற்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா, எத்தனை நாளாக, அதற்கு முன் என்ன காய்ச்சல் வந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதிக் காரியம் முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரின் மகன், முப்பது வயது, கணிப்பொறித் துறையில் வேலை. காய்ச்சலுக்குப் பிறகு துடிப்பு தப்புகிறது என்று போனார். ஈ.சி.ஜி., எக்கோ, ஹோல்டர், ரத்தத்தில் ட்ரோபோனின், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. இடையிடையே முன்கூட்டியே வரும் துடிப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, இதயம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றார்கள். இந்த மாதிரி உபரித் துடிப்பு, 24 மணி நேரம் பதிவு செய்தால் ஆரோக்கியமானவர்களிலும் பெரும்பாலோரிடம் ஒன்றிரண்டாவது காணப்படுவது. அது சற்று முன்னதாக வந்துவிடுவதால் அடுத்த துடிப்புக்கு ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்பி, அடுத்த முறை பலமாக அடிக்கிறது. 'நின்றுபோய் இடிக்கிறது' என்று நாம் உணர்வது இதைத்தான். ஆனால் அந்தப் பையனின் பயம் போகவில்லை. கைக்கடிகாரத்தில் நாளுக்கு நாற்பது முறை துடிப்பைப் பார்க்கிறார். இன்னும் இரண்டு மருத்துவமனை ஏறி இறங்கினார். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, அதனால் உபரித் துடிப்பு கூடுகிறது, கூடியதைக் கண்டு மேலும் பயம். இது ஒரு செக்கு. சுற்றத் தொடங்கினால் நிற்காது.

எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஒரு பாடம் சொல்வோம். ஒழுங்காக இயங்கும் ரிலேயைச் சந்தேகத்தின் பேரில் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இராதே, நல்ல இணைப்பும் தளர்ந்துவிடும் என்று. முறையாக ஒரு தடவை சோதி, எழுதி வை, பெட்டியைப் பூட்டு. நாடிக்கும் இதுவே போதும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, முழு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு நோட்டை மூடிவிட வேண்டியதுதான். ஓய்வாக இருக்கையில் 60 முதல் 100 வரை சாதாரணம்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே ஓட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. மயங்கி விழுதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் இறங்காமல் 120க்கு மேல் நாடி, தலைசுற்றலோடு மிக மெதுவான நாடி, திடீரென்று வாய் கோணுதல், கை கால் விளங்காமல் போதல் ஆகியவை வந்தால் 108ஐக் கூப்பிடுவதே முறை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கூடாது.

பயத்தைச் சோம்பேறித்தனம் என்றோ நடிப்பு என்றோ பேசுவதும் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற சிப்பாய்களிடம் இத்தகைய படபடப்பைக் கண்டு 1871இல் விரிவாக எழுதியவர் டா கோஸ்டா என்ற மருத்துவர். அவர்களில் பலருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து தேறிய பிறகே தொல்லை தொடங்கியது என்று அவரே குறித்திருக்கிறார். முதல் உலகப் போரில் இதே தொல்லைக்குச் 'சிப்பாயின் இதயம்' என்று பெயர். 1941இல் பிரிட்டனின் பால் வுட் என்ற இதய நிபுணர் இதைப் பெரும்பாலும் மனநோய் என்றார். இன்று கொரோனாவுக்குப் பின், எழுந்து நின்றாலே நாடி எகிறும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, உடலின் தானியங்கி நரம்புகளிலும் கோளாறு உண்டு என்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தத் தொல்லை இதயத்துக்கும் மனதுக்கும் இடையில் பந்தாடப்பட்டு வருகிறது. அனுபவிப்பவருக்கு மட்டும் துன்பம் ஒன்றேதான். சோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகும் பயம் நீடித்தால், மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதற்கு? கண்ணுக்குக் கண் மருத்துவரிடம் போவது போலத்தானே அதுவும்?

மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார். ஊரில் இருந்தால் அந்த நான்காமவர் அண்ணனோ, மச்சானோ, எதிர்வீட்டுக்காரரோ யாராவது இருப்பார். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியவர்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியது சங்கம்.

எனவே செயற்குழுவினருக்கு மூன்று யோசனைகள். ஒன்று, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைத் தமிழ், இந்தி, மராட்டி மூன்றிலும் ஓர் அட்டையில் அச்சிட்டு உறுப்பினர் எல்லோருக்கும் கொடுக்கலாம். இரண்டு, மொழி நன்கு தெரிந்த இளைஞர்கள் நாலைந்து பேர் பெயர் கொடுத்தால், முதியவர்களுடன் மருத்துவமனைக்குத் துணைக்குப் போக ஏற்பாடு செய்யலாம். மூன்று, பொங்கல் விழாவன்று கலை நிகழ்ச்சிக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நாடி பார்ப்பதையும், துடிப்பு நின்று விழுந்தவரின் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி உயிர் காக்கும் முறையையும் ஒரு மருத்துவரைக் கொண்டு கற்றுக்கொடுக்கலாம்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. அட்டை அச்சிடும் செலவில் என் பங்கைத் தர நான் தயார். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதித் தரக்கூடிய அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த காய்ச்சல் பருவம் தொடங்குவதற்குள் அட்டை கையில் இருந்தால் நல்லது.