வைரஸுக்கு மருந்து எகனாமிக்ஸிலும் இருக்கிறது

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆன்டி வைரஸ், பயர்வால், பாஸ்வேர்ட் ஆகியவைதான். இன்ஜினியரிங் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எகனாமிக்ஸ் என்று ஒரு பேப்பர் வந்தது. பாஸ் மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டேன். சாப்ட்வேர் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆன பிறகுதான், அதை ஒழுங்காகப் படித்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைத்தவர் ஹால் வேரியன் என்ற பொருளாதாரப் பேராசிரியர்.

1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற வேரியன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1995-ல் பெர்க்லிக்கே திரும்பி, அங்கு தகவல் துறைக்கென்று தொடங்கிய புதிய கல்விப் பிரிவின் முதல் டீன் ஆனார். பிறகு கூகுளின் தலைமைப் பொருளாதார நிபுணராகவும் இருந்தார். இவருக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்?

2000 பிப்ரவரியில் யாகூ, அமேசான், ஈபே போன்ற பெரிய தளங்கள் தாக்குதலில் முடங்கின. தாக்குதலுக்குப் பயன்பட்டவை வேறு யாருக்கோ சொந்தமான கம்ப்யூட்டர்கள். அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸில் எழுதிய வேரியன், ஆபத்தை யாரால் நன்றாகச் சமாளிக்க முடியுமோ அவர் மேல்தான் பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்றார். தன் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற ஒருவர் 100 டாலர் செலவழிப்பார். அதே கம்ப்யூட்டர் அமேசானைத் தாக்காமல் தடுக்க 1 டாலர்கூடத் தர மாட்டார். நஷ்டம் அடுத்தவருக்கு என்றால் நமக்கென்ன என்பதுதானே மனித இயல்பு!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் காணாமல் போனால், அமெரிக்காவில் வங்கிதான் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டியிருந்தது. விளைவு? பிரிட்டன் வங்கிகள் அசட்டையாக இருந்தன, மோசடி பெருகியது. அமெரிக்க வங்கிகள் குறைவாகச் செலவழித்தும் குறைவாகவே ஏமாந்தன. இரண்டு இடத்திலும் மெஷின் ஒன்றுதான், பொறுப்புதான் வேறு. 2002-ல் இந்தப் பொருளுக்கென்றே பெர்க்லியில் முதல் ஆய்வரங்கம் நடந்தது. அதிலிருந்து இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

இது எனக்கு அலுவலகத்திலேயே புரிந்தது. டெலிவரி தேதி நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது செக்யூரிட்டி டெஸ்டிங்தான். தேதி தவறினால் எங்களுக்குத் திட்டு விழும். ஓட்டை இருந்தால் நஷ்டம் எங்கேயோ இருக்கும் பயனாளருக்கு. பிறகு எதை வெட்டுவார்கள்?

பொறுப்பை நிறுவனத்தின் மேல் போட்டால் மக்கள் அசட்டையாகிவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2017 ஜூலையில் நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குப் பதில் சொல்லியது. பாஸ்வேர்டை நாமே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நமக்கு. தவறு வங்கி மேலும் இல்லாமல் நம் மேலும் இல்லாமல் பணம் போனால், 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிப்பது வங்கியின் வேலை. இரு தரப்புக்கும் கவனமாக இருக்கக் காரணம் இருக்கிறது பாருங்கள்.

இந்தக் கணக்கு சாப்ட்வேருக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. ஓட்டையை அடைக்கும் வசதி உள்ளவரிடம்தான் அதற்கான பில்லும் போக வேண்டும். இதனால் சாப்ட்வேர் விலை கொஞ்சம் ஏறலாம், புது வசதிகள் தாமதமாக வரலாம். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ பணத்தை இழந்துவிட்டால், "ஏன் அந்த லிங்க்கைத் தொட்டீர்கள்?" என்று திட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்கள்தான் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.