மேலே போகும் புகையும் நெஞ்சுக்குள் போகும் புகையும்

2005 ஆகஸ்ட் 11ஆம் தேதியை நம் வட்டாரத் தோட்ட மக்கள் மறந்திருக்க முடியாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அரசாங்கம் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சுமத்ராவில் எரிந்த தீயின் புகை, கடல் தாண்டி நம் லயத்து வாசலுக்கு வந்தது.

"புகைன்னா மேலேதானே போகும்? நம்ம மூக்குல எப்படி ஏறுது?" சங்க வேலையாக நாங்கள் போகும் தோட்டங்களில் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

புகை தானாக ஏறுவதில்லை. சூடுதான் அதைத் தூக்குகிறது. சூடான காற்று லேசானது. போகும் வழியில் குளிர்ந்த காற்று கலந்து சூடு தணிந்தால் ஏற்றமும் நின்றுவிடும். செம்பனை ஆலையின் புகைபோக்கியைப் பாருங்கள். காற்று அடங்கிய நேரம் புகை நிமிர்ந்து எழும். காற்று அடித்தால் சாய்ந்து படுக்கும். அமெரிக்க விஞ்ஞானி கேரி பிரிக்ஸ் 1969ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்றின் வேகம் இரட்டித்தால் புகையின் எழுச்சி ஏறக்குறைய பாதியாகும். புகைபோக்கியின் உயரத்தோடு இந்த எழுச்சியையும் கூட்டினால் வருவதே புகையின் மெய்யான உயரம். அது இரண்டு மடங்கானால், தரையில் படும் புகையின் உச்ச அளவு சுமார் கால் பங்காகக் குறையும்.

உயரத்தை நம் பிள்ளைகளே அளக்கலாம். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகைக் கோணம் கிடைக்கும். அடிவிளிம்பை மட்டமாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியே பார்த்தபடி நடக்க வேண்டும். புகையின் உச்சி நேராகத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். உச்சிக்கு நேர்கீழே உள்ள இடம் அங்கிருந்து 100 மீட்டர் என்றால், புகையின் உயரமும் 100 மீட்டர். நம் கண் உயரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். புகை நம்மை நோக்கி வராமல், பக்கவாட்டில் போகும்படி நிற்க வேண்டும். 1999ல் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளும் ஒன்பது கோணங்களில் படமெடுத்து, இதே கோணக் கணக்கில்தான் காட்டுத்தீப் புகையின் உயரத்தைக் காட்டியது.

ஆனால் 'தானா கம்புட்' என்னும் சதுப்பு மண்ணில் பிடித்த தீ வேறு சாதி. அது கொழுந்துவிடாது; உமி மூட்டம் போல உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். சூடு குறைவு, அதனால் ஏற்றமும் குறைவு. புகை தரையோடு தவழும். பெஸ்தாரி ஜெயா பக்கம் ராஜா மூசா காட்டில் இப்படிப் பல தடவை தீப்பிடித்திருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண் விறகாகிவிடும்.

நேரமும் ஒரு காரணம். இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டது போல் அமுக்கிவிடும். அடியில் மாட்டிக்கொண்ட புகை, வெயில் ஏறும்வரை கலையாது. நமக்கோ விடியும் முன்னே பெரட்டு!

ஆகவே தோழர்களே, மானம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பெரட்டுக்கு முன் அன்றைய குறியீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் தீ கனலும் நாளில் வேலை நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும். நல்ல முகக்கவசம் கொடுக்க வேண்டும். வேலையை நிறுத்தினால் அன்றைய கூலிக்கு வழி சொல்ல வேண்டும். குலை எண்ணிக் கூலி வாங்குபவனுக்கு வேலை நின்றால் அடுப்பும் நிற்கும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புவோம். புகை வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.