பெட்டியில் எம்ஆர்பி இருக்கு, அப்டேட் தேதி எங்கே?

'உங்கள் வாகனம் போக்குவரத்து விதியை மீறியுள்ளது. சலானைப் பார்க்க இதைத் திறக்கவும்.' வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல். கூடவே சலான் என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல். ஒரு ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடலாம். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ நாலு லாரி வைத்திருப்பவரால் அப்படிச் சிரிக்க முடியாது. ஒரு வண்டி நாக்பூரில் இருக்கும், இன்னொன்று விஜயவாடா தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். எந்த மாநிலத்து கேமரா எப்போது படம் பிடித்தது என்று ஊரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நிஜ சலானும் ஃபோனுக்குத்தானே வருகிறது! "வந்திருந்தாலும் வந்திருக்குமுங்க" என்று நினைத்துத்தான் விரலை வைக்கிறார்.

வைத்த பிறகு நடப்பது இதுதான். அந்த ஆப் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பிறகு கான்டாக்ட்ஸ் கேட்கும். 'அலோ', 'அலோ' என்று கொடுத்துக்கொண்டே போனால், திரையில் இருந்து ஐகான் மறைந்துவிடும். ஆப் மட்டும் உள்ளேயே இருக்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் ஒருவருக்குப் போய்ச்சேரும். 2024 ஜூலையில் கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், எம்பரிவாகன் ஆப் போல வேஷம் போட்ட இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வியட்நாமிலிருந்து இயங்கும் கும்பல் என்றும், 4,400க்கும் மேற்பட்ட ஃபோன்களில் நுழைந்துவிட்டது என்றும், ஒரே ஆள் மூலம் மட்டும் 16 லட்சம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது என்றும் அதில் இருந்தது. திருடிய ஓடிபியை வைத்து ஷாப்பிங் கணக்குகளில் புகுந்து கிஃப்ட் கார்டு வாங்குவதும் இந்தக் கும்பலின் வேலை.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், 'மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்'. சரிதான். அறிமுகமில்லாத ஏபிகேவைத் தொடாதே என்பது நூற்றுக்கு நூறு சரியான அறிவுரை. ஆனால் பல நேரம் அந்த ஃபைல் அறிமுகமானவரிடமிருந்துதான் வருகிறது. முதலில் மாட்டியவரின் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி, லாரி புக்கிங் ஆபீஸ் குரூப், சொந்தக்கார குரூப் என்று எல்லாவற்றுக்கும் அதுவே அனுப்பிவிடுகிறது. மாமா அனுப்பியதை யார் சந்தேகப்படுவார்கள்? முழுச் சுமையையும் ஃபோன் வைத்திருப்பவர் தலையிலேயே ஏற்றிவிட்டு, அந்த ஃபோனை விற்றவர்களைக் கேள்வி கேட்காமல் விடுவது நியாயமில்லை.

ஏனென்றால், நெட் வராதது, அப்டேட் ஆகாதது, பணம் போவது மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்திருக்கிறது.

நெட்டில் இருந்து பார்ப்போம். தோட்டத்து வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, 'டவர் காட்டுது, நெட்டு வரமாட்டேங்குது' என்பது தினசரிப் புலம்பல். முதலில் பார்க்க வேண்டியது அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்பதை. தீர்ந்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். டவர் குறியீடு மட்டும் முழுசாகக் காட்டும். அடுத்து, ஃப்ளைட் மோடை அரை நிமிடம் போட்டு எடுப்பது. 5ஜி வந்து வந்து போகிற இடத்தில் செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றிவிட்டால் ஃபோன் ஓரிடத்தில் நிலையாக நிற்கும், பேட்டரியும் மிஞ்சும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்டி ஆஃப் ஆகியிருந்தால் கால் போகாது, அதற்கு டவரைத் திட்டிப் பயனில்லை. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்க 4ஜி தொடங்கியது. ஆனால் பழைய 3ஜி சிம்மையே வைத்திருந்தால் 4ஜி எடுக்காது, அலுவலகத்தில் கொடுத்து சிம்மை மாற்ற வேண்டும். பேட்டரி செத்து எழுந்த ஃபோனில் தேதி தப்பாக இருந்தாலும் வங்கி ஆப், இணையதளம் எதுவும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழை ஃபோன் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது. 'ஆட்டோமேட்டிக் டேட் அண்ட் டைம்' ஆன் செய்தால் போதும். நெட்வொர்க் ரீசெட் கடைசி மருந்து. வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும், எழுதிவைத்துக்கொண்டு செய்யவும்.

வீட்டில் வைஃபை இல்லை, டேட்டா ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பெரும்பாலான ஃபோன்களில் 'வைஃபையில் மட்டும் அப்டேட்' என்றுதான் அமைத்திருக்கும். ஆக, அப்டேட் வந்து காத்துக்கொண்டே கிடக்கும். ஸ்டோரேஜைப் பார்த்தால் முட்டை விலைப் படம், லோடு ரசீது, காலை வணக்கம், இளம்பிள்ளை சேலை வீடியோ எனக் கழுத்துவரை நிரம்பியிருக்கும். சர்வீஸ் கடைத் தம்பியோ, "அப்டேட் போட்றாதீங்கண்ணா, ஸ்லோ ஆயிப்போயிரும்" என்பார்.

தம்பி சொல்வது பாதி உண்மை. 3 ஜிபி ரேம் ஃபோனில் முழு ஆண்ட்ராய்டு பதிப்பை மாற்றினால் திணறத்தான் செய்யும். ஆனால் செக்யூரிட்டி அப்டேட் வேறு விஷயம். அது வீட்டை இடித்துக் கட்டுவதல்ல, உடைந்த தாழ்ப்பாளை மாற்றுவது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே பயத்தைப் பரப்பிவிட்டோம். 'அபௌட் ஃபோன்' உள்ளே போனால் 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி அங்கே இருந்தால், அந்த ஃபோனில் வங்கி ஆப் வைப்பது பற்றி ஒருமுறை யோசிக்கலாம். மகனோ மகளோ ஊருக்கு வரும்போது அவர்கள் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு அப்டேட் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் மீடியாவைக் கழித்தாலே சில ஜிபி இடம் கிடைக்கும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்டேட் செய்துவிட்டால் சலான் ஏபிகே வராது என்பதில்லை. அனுமதியை நாமே கொடுத்தால் எந்தப் பூட்டும் நிற்காது. ஆனாலும் புதிய பதிப்புகளில் தடை கூடுகிறது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய ஆப் அக்ஸஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் போன்ற அதிகாரங்களைக் கேட்டால் ஃபோன் லேசில் கொடுப்பதில்லை. கூகுள் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு அறிவித்த பிளே புரொடெக்ட் சோதனைத் திட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரவுசர், வாட்ஸ்அப் வழியாக வந்து எஸ்எம்எஸ் படிக்கக் கேட்கும் ஆப்பை நிறுவும்போதே அது தடுக்கும். பழைய ஃபோனிலும் பிளே புரொடெக்ட் உண்டு. பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டால் ஆன் ஆகி இருக்கிறதா என்று தெரியும். அதை ஆஃப் செய்யச் சொல்லி யாராவது ஃபோனில் வழிகாட்டினால், அவர் யாரென்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி கடைக்காரரிடம் வருவோம். நாமக்கல் பண்ணைக்காரர் ராணிக்கெட் தடுப்பூசிக் குப்பியை வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்ப்பது காலாவதித் தேதியை. தேதி போன மருந்தைக் கோழிக்குப் போடமாட்டார். அதே மனிதர் பத்தாயிரம் ரூபாய் ஃபோன் வாங்கும்போது பெட்டியைத் திருப்பினால் எம்ஆர்பி இருக்கும், தயாரித்த மாதம் இருக்கும், எந்த நாட்டில் செய்தது என்று இருக்கும். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பது இருக்காது. மொத்தச் சேமிப்பும் அந்தப் பெட்டிக்குள் போகப்போகிறது!

விலை கூடிய ஃபோன்களுக்கு மட்டும் கம்பெனிகள் இதை விளம்பரமாகவே சொல்கின்றன. 2023இல் பிக்சல் 8, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24, இரண்டுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். மலிவு ஃபோனின் ஆயுளைத்தான் சத்தமாகச் சொல்ல ஆளில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் சந்தைக்கு வருவது நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் அவ்வளவு தூரம் உடனே போக வேண்டாம். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு வரி, 'இந்த மாதம், இந்த ஆண்டு வரை' என்று அச்சடித்தால் போதும். செலவு மை மட்டும்தான். அப்படி ஒரு தேதி இருந்தால், 'ஆஃபர்ல தர்றேன்' என்று தள்ளிவிடும் மூன்று வருடப் பழைய மாடலின் நிஜ விலை கடையிலேயே தெரிந்துவிடும். செகண்ட்ஹேண்டு வாங்குபவருக்கும் அது உதவும்.

அந்த வரி வரும்வரை ஏபிகேக்கள் காத்திருக்கப் போவதில்லை. தெரியாமல் தொட்டுவிட்டால் வரிசை முக்கியம். முதலில் டேட்டாவையும் வைஃபையையும் ஆஃப் செய்து, ஃப்ளைட் மோடு போட்டு, சிம்மைக் கழற்ற வேண்டும். அடுத்து, வேறு ஃபோனிலிருந்து வங்கிக்கு அழைத்து கணக்கு, யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். மூன்றாவது 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் மடக்க வழி அந்த எண்தான், அதனால் 'காலையில பாத்துக்கலாம்' கூடாது. வங்கியிடம் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையதே ஆனாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

ஃபோனை ரீசெட் செய்வது இவ்வளவும் முடிந்த பிறகு. அவசரத்தில் முதலிலேயே ரீசெட் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த ஏபிகேவும், அது வந்த எண்ணும், நேரமும் அதோடு போய்விடும். சைபர் கிரைம் போலீஸ் கேட்கப்போவது அவற்றைத்தான். ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வேறு ஃபோனில் வைத்துக்கொள்வது நல்லது. லாரி குரூப்பிலும் வேறு ஃபோனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட வேண்டும்: "என் நம்பர்ல இருந்து சலான்னு ஏதாச்சும் வந்துதுன்னா தொடாதீங்கப்பா." நிஜமாகவே சலான் இருக்கிறதா என்று பார்க்க, ஜிஓவி டாட் இன் என்று முடியும் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணை நாமே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு எந்த ஏபிகேவும் வேண்டியதில்லை.