பக்கப் இருக்கு எண்டு சொல்லாதேங்கோ

"பக்கப் இருக்குத்தானே?" எண்டு கேட்டால் எல்லாரும் ஓமெண்டுதான் சொல்லுவினம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பழைய சஞ்சிகைகளை ஸ்கான் செய்து, கணினி பிழையாக வாசித்த எழுத்துகளைக் கையால் திருத்தி, எலாஸ்டிக்சேர்ச்சில் ஏற்றி வைத்திருந்தோம். ஒவ்வொரு இரவும் ஸ்னாப்ஷொட் எடுபடும். பட்டியலைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் நேரே 'சக்சஸ்'. சேர்வர் படுத்த அன்றுதான் முதன்முதலாக ஒன்றை ரீஸ்ரோர் செய்து பார்த்தோம். பாதி வந்தது. மீதிக்கு, அப்படியொரு கோப்பே இல்லை என்ற பதில்.

"ஸ்னாப்ஷொட் கறப்ட் ஆயிட்டுது" என்றார்கள். ஏதோ மழை பெய்த மாதிரி, தானாக நடந்த சங்கதி! இந்தக் கதையைத்தான் நாங்கள் ஏற்கமாட்டோம்.

எலாஸ்டிக்சேர்ச் ஒவ்வொரு முறையும் முழுவதையும் பிரதி எடுப்பதில்லை. களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கிற, மாறாத துண்டுகளை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்க்கும். ஆகவே நேற்றைய ஸ்னாப்ஷொட் மூன்று மாதத்துக்கு முந்திய கோப்பில் தங்கி நிற்கலாம். டிஸ்க் நிரம்புது எண்டு எங்களில் ஒருவர் கோப்புறைக்குள் போய், திகதியைப் பார்த்துப் பழையதையெல்லாம் அழித்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான். பழைய ஸ்னாப்ஷொட்டை நீக்க எலாஸ்டிக்சேர்ச்சிலேயே கட்டளை இருக்கிறது; வேறு ஸ்னாப்ஷொட்டுக்குத் தேவையான துண்டில் அது கை வைக்காது. அந்தக் களஞ்சியத்தை வேறு எவராவது தொட்டால் பிழை வரலாம், அல்லது எல்லாம் சரி போலக் காட்டிவிட்டு டேற்றா சத்தமில்லாமல் தொலையலாம் எண்டு கையேட்டிலேயே எழுதியிருக்கு. நாங்கள் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

போதாக்குறைக்குப் பரிசோதனைக்கு என்று இன்னொரு கிளஸ்டரையும் அதே களஞ்சியத்தில் கொழுவியிருந்தோம். ஒரு களஞ்சியத்தில் ஒரு கிளஸ்டர்தான் எழுதலாம். மற்றதை வாசிப்புக்கு மட்டும் என்று பதிய வேண்டும். இரண்டு பேர் ஒரே கணக்குக் கொப்பியில் எழுதினால் கணக்கு என்னவாகும்? 'வெரிஃபை' கொடுத்துப் பார்த்தோம், பச்சைதான் எண்டு சொல்லாதேங்கோ. அது நோட்கள் களஞ்சியத்தை எட்டுதா எண்டு மட்டும்தான் பார்க்கும். உள்ளே கிடக்கிற பழைய ஸ்னாப்ஷொட் வாசிபடுமா என்பது அதற்குத் தெரியாது.

2017 ஜனவரி 31 இல் கிற்லாப் நிறுவனம் தன் டேற்றாபேஸைத் தவறுதலாக அழித்தது. பக்கப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றுமில்லை: பதிப்புப் பொருந்தாததால் அந்த வேலை நெடுகத் தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத் தரவு போனது. ஆனால் அவர்கள் அதை ஒளிக்கவில்லை. நடந்தது முழுவதையும் எழுதிப் போட்டார்கள். எங்கட ஆக்களிடம் இல்லாதது அந்தப் பழக்கம்தான். தொலைந்தால் வாய் திறக்கமாட்டம், இணையத்தளம் "விரைவில்" என்று வருசக்கணக்காய் நிற்கும்.

எங்களுக்குப் போனது என்ன? ஸ்கான் படங்கள் வன்தட்டில் பத்திரமாக இருந்தன. பதினான்கு பேர் இரண்டு விடுமுறைக் காலம் குந்தியிருந்து திருத்திய எழுத்துகள் எலாஸ்டிக்சேர்ச்சில் மட்டும்தான் இருந்தன. தேடுவதற்கான பொருளை மூலப் பிரதியாக வைத்திருந்தது, ஸ்னாப்ஷொட்டைத் திறந்து பாராததை விடப் பெரிய மடைத்தனம். இப்போது திருத்தங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவும் தனியாகக் கிடக்கின்றன.

ஆவணக் காப்பகம் நடத்துகிற நண்பர்களே, எத்தனை ரெராபைட் சேர்த்தீங்கள் எண்டு இனிச் சொல்லாதேங்கோ. கடைசியாக எந்தத் திகதியில், எந்த வேறு மெஷினில் ரீஸ்ரோர் செய்தீங்கள், எத்தனை ஆவணம் திரும்பி வந்தது, அதைச் சொல்லுங்கோ. எங்களிட்டக் கேட்டால்: போன ஞாயிறு, ஒருவரின் பழைய லப்ரொப்பில். ஐசியு பிளகின் போட மறந்ததால் முதல்தரம் இன்டெக்ஸ் திறக்கவே இல்லை. போட்ட பிறகு மிஞ்சியிருந்த எல்லாம் வந்தது.