வெட்டும் ஒளியும் காக்கும் ஒளியும்

“கத்தியின்றி, இரத்தமின்றி லேசர் சிகிச்சை” என்ற விளம்பரத்தைப் பார்த்திராத தமிழ் வாசகர் அரிது. 1960 இல் தியடோர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டியது முதல், அச்சொல் வெட்டுவதற்கும் எரிப்பதற்குமான ஆயுதமாகவே பொதுமனத்தில் பதிந்து கிடக்கின்றது. அதன் இன்னொரு பணியை எவரும் விளம்பரம் செய்வதில்லை. எதை வெட்டக்கூடாது என்று காட்டுவதே அப்பணி.

தைரொயிட் சுரப்பியை அகற்றும் சத்திர சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். குரல்நாண்களை இயக்கும் நரம்பு அச்சுரப்பியை ஒட்டியே மேலேறிச் செல்கின்றது. அதன் தடிப்பு ஓரிரு மில்லிமீற்றர் மட்டுமே. ஒரு பக்க நரம்பு சேதமுற்றால் குரல் கம்மிப்போகும். இரு பக்கமும் சேதமுற்றால் மூச்சே திணறும். ஆசிரியருக்கும் பாடகருக்கும் அது பிழைப்பையே பறிக்கும் காயம். திறமையான கைகளிலும் அது நேரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், “இதெல்லாம் வழமையான பக்கவிளைவு” என்ற ஒற்றை வரியோடு நோயாளரை அனுப்பிவைப்பதை ஏற்க முடியாது.

2005 இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் காலுக்குச் செல்லும் பெருநரம்பை அகச்சிவப்பு லேசர் துடிப்பினால், தொடாமலே தூண்டிக் காட்டினர். தசை அசைந்தது. ஒளியை நீர் உறிஞ்சுவதால் கணப்பொழுது எழும் வெப்பமே அத்தூண்டலுக்குக் காரணம். மின்முனையால் தூண்டினால் மின்னோட்டம் அயலிலுள்ள இழையங்களுக்கும் பரவும். ஒளியையோ மிகச் சிறிய இடத்தில் குவிக்கலாம். புரொஸ்டேட் சுரப்பியை ஒட்டிய நுண்நரம்புகளைக் கண்டறியவும் எலிகளில் இம்முறை சோதிக்கப்பட்டுள்ளது. வெப்பம் மிகுந்தால் நரம்பே பழுதாகும் அபாயமும் உண்டு. வழமையான சிகிச்சைக்கு இது இன்னும் வந்து சேரவில்லை.

“வராத கருவிக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? அனுபவமுள்ள கை போதாதா?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும். நரம்பைத் தேடப் போனால் அதுவே சேதமுறும், தேடாமல் விடுவதே பாதுகாப்பு என்று அனுபவமுள்ள கைகள்தாம் ஒரு காலத்தில் நம்பின. பொஸ்டன் நகரின் பிராங்க் லேஹி 1938 இல் அந்நம்பிக்கைக்கு எதிராக, ஒவ்வொரு தைரொயிட் சிகிச்சையிலும் நரம்பைக் கண்டறிந்தே காக்க வேண்டும் என்று வாதிட்டார். 1982 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பற்றிக் வோல்ஷ் நரம்பைக் காக்கும் புரொஸ்டேட் சிகிச்சையைச் செய்து காட்டும்வரை, ஆண்மையிழப்பும் அச்சிகிச்சையின் விலையாகவே கருதப்பட்டது. இருவருக்கும் துணைநின்றது உடற்கூற்றறிவே.

ஆக, விதி என்று சொல்லப்பட்டது விதியன்று என்பது ஏற்கெனவே இரு தடவை நிரூபணமாகிவிட்டது. லேசர் ஒளி அதே பாதையின் அடுத்த படி. அப்படி முதலில் வசதி படைத்த நாடுகளுக்கே வாய்க்கும். அதுவரை நாம் வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதில்லை. சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு நோயாளரும் கேட்கவேண்டிய கேள்விக்குக் கருவி எதுவும் தேவையில்லை: “அந்த நரம்பை எவ்வாறு கண்டறிந்து காக்கப் போகின்றீர்கள்?”

லேசரின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடுவோர், இக்கேள்விக்கான பதிலையும் அதே எழுத்தில் அச்சிடட்டும்.